152 எப்படி 200 ஆயிற்று?

கணக்கு வகுப்பிலே எழ வேண்டிய வினா ஒன்று, என் வரலாற்று வகுப்பிலே எழுந்தது. 1952-ஆம் ஆண்டில் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தலின் முடிவைக் கரும்பலகையில் எழுதினேன். மொத்த இடங்கள் 375. காங்கிரசு பெற்றவை 152. அடுத்த வரியிலே, காங்கிரசு ஆட்சி அமைத்தது என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்து நின்றான். "ஐயா, பாதிக்கு மேல் இருந்தால்தான் ஆட்சி என்று நேற்றுச் சொன்னீர்களே! பாதிக்கு மேல் என்றால் 188 வேண்டும். 152 எப்படிப் போதும்?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால், அது விடை தெரியாதவன் சிரிக்கும் சிரிப்பாக இருந்திருக்கும். நாளை சொல்கிறேன் என்று கூறி அமர்ந்தேன். ஒரு நாளில் சொல்லி முடியவில்லை. பாடநூல் ஒரே வரியிலே தாண்டிச் செல்லும் அந்த இடத்தில், தாண்டிச் செல்லக்கூடாத செய்திகள் பல குவிந்து கிடக்கின்றன. அவனுக்குச் சொன்னவற்றைத் தொகுத்து இங்கே வைக்கிறேன்.

முதலில், அந்த மன்றத்துக்கு முன்னிருந்த மன்றத்தைக் காண வேண்டும். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் 215 இடங்கள். 1937-இல் நடந்த தேர்தலில் காங்கிரசு 159 இடங்களைப் பெற்றது. பெருவெற்றிதான். ஆனால் வாக்களித்தவர் யார்? நிலம் உடையவர், வரி கட்டியவர், கல்வி பெற்றவர் — இவர்களே பெரும்பாலோர். ஏர் பிடித்தவனுக்கு நிலம் இல்லை. நிலம் இல்லாததால் வாக்கும் இல்லை. நாற்று நட்டவளின் பெயரும் பட்டியலில் இல்லை. 1946-ஆம் ஆண்டுத் தேர்தலும் ஏறத்தாழ இதே வேலிக்குள்ளேதான் நடந்தது.

1952-இல் அந்த வேலி வீழ்ந்தது. 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவரும் வாக்காளர் ஆயினர். எழுத்தறியாதார் மிகுந்த நாடாதலால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருக்குரிய சின்னத்தை ஒட்டியிருந்தனர். படிக்கத் தெரியாத பாட்டாளியும் தன் மனத்துக்கு உகந்த பெட்டியைத் தேர்ந்து சீட்டை இட்டு வெளியே வந்தான். 309 தொகுதிகள். அவற்றில் 66 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அவற்றுள் 62 தொகுதிகளில் ஓரிடம் தாழ்த்தப்பட்டோருக்கு. 4 தொகுதிகளில் ஓரிடம் பழங்குடியினருக்கு. இவ்வாறு சேர்ந்தவையே அந்த 375 இடங்கள்.

மன்றமோ மிகப் பெரிது. வடக்கே சிறீகாகுளம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை, மேற்கே மலபார், தென் கன்னடம், பெல்லாரி உட்பட, நான்கு மொழி பேசும் மக்களின் பேராளர்கள் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தனர். சென்னை அரசினர் தோட்டத்தில் அவர்களுக்கெனப் புதுக் கட்டடம் எழுந்தது. பிற்காலத்தில் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் பெற்றது அந்த இடமே.

வேலி வீழ்ந்ததும் விளைவு தெரிந்தது. 1937-இல் நாலில் மூன்று பங்கு இடங்களை நெருங்கிய கட்சி, இப்போது 152 இடங்களோடு நின்றது. வாக்குகளில் அதற்குக் கிடைத்த பங்கு ஏறத்தாழ 35 விழுக்காடு. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராசா தோற்றார். அமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். வேறு அமைச்சர்கள் சிலரும் வீழ்ந்தனர். வறட்சி ஒருபுறம், பங்கீட்டு அரிசிக்குக் காத்து நிற்கும் வேதனை ஒருபுறம், தனி மாநிலம் கேட்ட ஆந்திர மக்களின் மனக்கொதிப்பு ஒருபுறம், கட்சிக்குள்ளே கோஷ்டிப் பூசல் மற்றொருபுறம். இவை யாவும் கூடி அந்தத் தீர்ப்பை எழுதின.

இனி அந்த மன்றத்தில் யார் யார் அமர்ந்தனர் என்று காண்போம். காங்கிரசு 152. கம்யூனிஸ்டுக் கட்சி 62. கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19. ரங்காவின் கிருஷிகார் லோக் கட்சி 15. சோஷலிஸ்டுக் கட்சி 13. காமன்வீல் கட்சி 6. முஸ்லிம் லீக் 5. பார்வர்டு பிளாக் 3. தாழ்த்தப்பட்டோர் சம்மேளனம் 2. நீதிக் கட்சி 1. எக்கட்சியும் சாராத சுயேச்சையாளர் 62. கூட்டிப் பாருங்கள், 375 சரியாக வரும்.

இந்தப் பட்டியலின் கடைசியிலே நிற்கும் 1 என்ற எண்ணைச் சற்றே நின்று நோக்குவோம். இரட்டையாட்சி நாளில், 1920-இல், சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சரவையை அமைத்தது நீதிக் கட்சி. அதன் கடைசிச் சின்னமாக 1952-இல் மன்றத்துக்குள் வந்தவர் கம்பம் தொகுதியில் வென்ற பி. டி. இராசன் ஒருவரே. 1936-இல் முதலமைச்சர் பொறுப்பையே வகித்தவர், இப்போது தம் கட்சியில் தாம் ஒருவராக அமர்ந்திருந்தார். கட்சிகள் வளரும், தேயும். அமைச்சரவை அமைத்த கட்சியும் ஒற்றை நாற்காலிக்குச் சுருங்கும். மன்றத்தின் கணக்கேடு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

இப்போது மாணவனின் வினாவுக்கு வருவோம். எவர்க்கும் 188 இல்லை. யாரை அழைப்பது?

முன்னாள் முதல்வர் பிரகாசம், காங்கிரசை விட்டு வெளியேறியவர். அவர் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைந்தது. கம்யூனிஸ்டுகள், பிரஜா கட்சியினர், உழைப்பாளர் கட்சியினர், காமன்வீல் கட்சியினர், சுயேச்சையாளர் சிலர் எல்லோரையும் சேர்த்து 166 பேர் கொண்ட பட்டியலைக் கவர்னரிடம் அளித்து, ஆட்சி அமைக்கும் உரிமை கோரினர். 166 என்பது 152-ஐ விடப் பெரிது. ஆனால் 188-ஐ விடச் சிறிது. தேர்தலுக்குப் பின் கூடிய கூட்டணிக்கு உரிமை உண்டா, தேர்தலில் தனித்து முதலிடம் பெற்ற கட்சிக்கு உரிமை உண்டா என்ற வினா, குடியரசான இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில்தான் இவ்வளவு கூர்மையாக எழுந்தது. இன்றளவும் பல மாநிலங்களில் அவ்வினா திரும்பத் திரும்ப எழுகின்றது.

கவர்னர் ஸ்ரீபிரகாசா காங்கிரசுக்கே வாய்ப்பளித்தார். தலைவர் யார்? தேர்தலிலே நிற்காத ஆச்சாரியார்! கவர்னர் ஜெனரலாகவும் மத்திய உள்துறை அமைச்சராகவும் இருந்து ஓய்வு பெற்றிருந்த இராசகோபாலாச்சாரியாரைக் காங்கிரசு சட்டமன்றக் கட்சி தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவர் மேலவைக்கு நியமன உறுப்பினராக வந்தார். 1952 ஏப்ரல் 10-இல் முதலமைச்சராகப் பதவி ஏற்றார். கலை, இலக்கியம், அறிவியல், கூட்டுறவு, சமூகத் தொண்டு ஆகியவற்றில் வல்லோர்க்கென வைத்த நியமன இடம் அது. ஆச்சாரியார் எழுத்தாளர், அதனை மறுப்பாரில்லை. ஆனால் அந்த இருக்கை முதலமைச்சரை உண்டாக்குவதற்கென வைக்கப்பட்டதா? கம்யூனிஸ்டுத் தலைவர் பி. இராமமூர்த்தி இவ்வினாவை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். மனு தள்ளப்பட்டது. சட்டத்தின் வாயில் மூடிற்று. அறத்தின் வாயில் மூடவில்லை.

பிறகு எண்கள் நகரத் தொடங்கின. ரங்காவின் 15 பேர் ஆதரவு தந்தனர். முஸ்லிம் லீகினர் ஆதரித்தனர். பிரஜா கட்சியினர் உள்ளிட்ட எதிர்வரிசையினர் சிலர் இடம் மாறினர். சுயேச்சையாளர் பலர் ஆளும் வரிசை நோக்கி நடந்தனர். பிரகாசம் அளித்த பட்டியலிலே பெயர் கண்ட காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலர், ஆச்சாரியாரின் அமைச்சரவையிலே அமைச்சராக அமர்ந்தார். 1952 சூலை 3-ஆம் நாள் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 200, எதிராக 151. மாணவன் கேட்ட கணக்குக்கு விடை இதுதான். மக்கள் 152 கொடுத்தனர். மற்ற 48-ஐ மன்றத்தின் தாழ்வாரங்கள் கொடுத்தன.

இதிலே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கட்சி மற்றொரு கட்சிக்கு ஆதரவளிப்பது குற்றமன்று. எவர்க்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத மன்றத்தில் எவரேனும் எவரோடேனும் கூடித்தான் ஆகவேண்டும். பிரகாசத்தின் 166 பேரும் அப்படிக் கூடியவர்களே. வினா வேறு. வாக்குக் கேட்கும்போது சொன்ன சொல் என்ன? வாக்குப் பெற்றபின் செய்த செயல் என்ன? அந்தத் தேர்தலில் தி.மு. கழகம் நேரே போட்டியிடவில்லை. தன் கோரிக்கையை ஏற்று ஒப்பமிட்ட வேட்பாளர்களை ஆதரித்தது. உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் அவ்வாறு ஆதரவு பெற்றவை. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களில் காங்கிரசை எதிர்த்து வென்றவர்கள் அவர்கள். 1952-இல் காமன்வீல் தலைவர் அமைச்சரானார். 1954-இல் உழைப்பாளர் கட்சித் தலைவர் இராமசாமிப் படையாட்சியாரும் காங்கிரசு அமைச்சரவையிலே சேர்ந்தார். காங்கிரசு வேண்டாவெனச் சீட்டிட்ட உழவன், தன் சீட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தபோது, அது காங்கிரசு அமைச்சரவைக்கே முட்டுக்கொடுத்து நின்றது. தங்கள் வட்டாரத்துக்கும் சமூகத்துக்கும் நன்மை தேடியே சென்றோம் என்று அத்தலைவர்கள் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் சென்றதற்கு முன்னே அந்த உழவனைக் கேட்டாரா?

மறுபக்கத்தையும் கூறாவிட்டால் வரலாறு எழுதியவன் ஆகேன். அந்த மன்றம் பயனற்ற மன்றம் அன்று. எதிர்வரிசை வலுவாக இருந்ததால் ஆட்சி விழிப்போடு இருந்தது. உணவுக் கட்டுப்பாட்டை 1952 சூனில் ஆச்சாரியார் நீக்கினார், மக்கள் மகிழ்ந்தனர். தஞ்சை வயல்வெளியிலே உழவர் கிளர்ச்சி வலுத்திருந்தது; அவ்வாண்டு ஆகஸ்டில் தஞ்சைக் குத்தகைக்காரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. ஆளுங்கட்சியின் உள்ளத்தில் ஊறிய இரக்கம் மட்டும் அதற்குக் காரணமா? எதிரே அமர்ந்திருந்த செங்கொடியாரின் எண்ணிக்கைக்கும் அதிலே பங்கு உண்டு. மன்றத்தின் அமைப்பு மாறினால் சட்டத்தின் முகமும் மாறும்.

பள்ளி ஆசிரியனாகிய நான், அந்த மன்றத்தின் வரலாற்றில் மறக்க முடியாத நாள் ஒன்று உண்டு. 1953 சூலை 29. அவ்வாண்டு சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளில் புதிய கல்வித் திட்டம் புகுத்தப்பட்டது. பள்ளி நேரம் நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைந்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்றது திட்டம். மிகுந்த பிள்ளைகளுக்கு இடம் தருவதற்கும், உழைப்பின் பெருமையை உணர்த்துவதற்குமே இத்திட்டம் என்றனர் ஆட்சியாளர். குயவன் மகன் சக்கரத்துக்கும், வண்ணான் மகன் துறைக்கும், சக்கிலியன் மகன் தோலுக்கும் திரும்ப வேண்டுமா என்று நாடு கேட்டது. குலக்கல்வித் திட்டம் என்றே அதற்குப் பெயரிட்டது.

அத்திட்டத்தை அடியோடு கைவிட வேண்டும் என்ற தீர்மானம் மன்றத்தின் முன் வந்தது. ஆதரவு 138. எதிர்ப்பு 138. சமநிலையில் தீர்மானம் தோற்றது. அடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விடவேண்டும் என்ற தீர்மானம் வந்தது. ஆதரவு 139, எதிர்ப்பு 137. இது வென்றது.

ஒரே ஒரு வாக்கு! ஒருவர் கூடுதலாக எழுந்து நின்றிருந்தால், அன்றே அத்திட்டத்துக்கு முடிவுரை எழுதியிருக்கலாம். கரும்பலகையில் இவ்வெண்களையும் எழுதினேன். அதே மாணவன் மீண்டும் எழுந்தான். "ஐயா, 138-ம் 138-ம் 276 தானே? 375 இடங்களில் மற்றவர்கள் எங்கே?" என்றான். நான் கவனியாமல் விட்ட கழித்தலை அவன் செய்து முடித்திருந்தான். 99 இடங்கள்! வராதவர், நடுநிலை நின்றவர், காலியான இடம் எனக் காரணம் எதுவாயினும் ஆகுக. இலட்சக்கணக்கான பிள்ளைகளின் பகற்பொழுது பள்ளிக்கா, பரம்பரைத் தொழிலுக்கா என்று முடிவாகும் நாளிலே, 99 நாற்காலிகளிலிருந்து ஆம் என்ற குரலும் இல்லை, இல்லை என்ற குரலும் இல்லை. மன்றத்தின் அமைப்பைக் கட்சிவாரியாகக் கணக்கிடும் நாம், எழுந்து நின்றவர் எத்தனை, எழாதிருந்தவர் எத்தனை என்ற கணக்கையும் கேட்க வேண்டாமா?

மன்றம் தயங்கியதை மக்கள் தயங்காமல் முடித்தனர். கிளர்ச்சி ஓயவில்லை. ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியது. 1954-இல் ஆச்சாரியார் விலகினார். ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். மே திங்களிலே அக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. காமராசர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். சட்டமன்றத்தில் இடம் இல்லாதவர். மேலவையின் கதவு அவருக்கும் திறந்தே இருந்தது. ஆயினும் அவர் குடியாத்தம் இடைத்தேர்தலிலே நின்று, வாக்காளர் வாயிலாகவே மன்றத்துக்குள் நுழைந்தார். இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முதல்வர்கள், இரண்டு வாயில்கள். இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆயினும் மக்கள் எதனை மதித்தனர் என்பது நாடறிந்தது.

அந்தப் பெருமன்றம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1952 அக்டோபரில் உண்ணாநோன்பு தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு, டிசம்பர் 15-இல் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. ஆந்திர உறுப்பினர்கள் விடைபெற்றனர். பெல்லாரிப் பகுதி மைசூரோடு சேர்ந்தது. 375 என்பது 231 ஆயிற்று. 1956 நவம்பர் 1-இல் மலபார் கேரளத்தோடும், தென் கன்னடம் மைசூரோடும் இணைந்தன, 190 ஆயிற்று. குமரியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தன. பின்னர் 205, 206 என உயர்ந்து, 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் இன்றுள்ள 234 ஆயிற்று. கட்சிகளின் கணக்கை மாற்றியது தேர்தல் மட்டுமன்று, எல்லைக் கோடும் மாற்றிற்று என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

சட்டமும் பிற்காலத்தில் பாடம் கற்றது. 1985-இல் அரசியல் சட்டத்தின் 52-ஆம் திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்க வந்தது. சுயேச்சையாக வென்றவர் பின்னர் ஒரு கட்சியிலே சேர்ந்தால் பதவி இழப்பார் என்றும் அது விதித்தது. 1952-இன் 62 சுயேச்சையாளர்க்கு அத்தகைய கட்டு ஏதும் இருந்ததில்லை. தமிழகத்தின் மேலவை 1986 நவம்பர் 1-இல் நீங்கியது. நியமன வாயிலும் அதனோடு நீங்கியது. கட்சி பிளந்தால் குற்றமில்லை என்றிருந்த சந்தினையும் 2003-இல் 91-ஆம் திருத்தம் அடைத்தது. ஆயினும் கட்சிகள் இணையும் வழி இன்னும் திறந்தே உள்ளது. பதவி விலகி மறு தேர்தலில் வேறு கொடியோடு வரும் வழியும் உள்ளது. வேலி உயர உயர, தாண்டுகிறவன் ஏணியும் உயர்கிறது. சட்டம் காவல் நிற்கலாம். கண் விழித்திருக்க வேண்டியவன் வாக்காளனே.

தேர்தல் முடிந்த மறுநாள் செய்தித்தாளிலே கட்சிவாரியான பட்டியலைப் பார்க்கிறோம்; மடித்து வைத்துவிடுகிறோம். ஐந்தாண்டு கழித்துத்தான் அடுத்த பட்டியலைத் தேடுகிறோம். இடையிலே நம் உறுப்பினர் எந்தத் தீர்மானத்தில் எந்தப் பக்கம் நின்றார், நின்றாரா, இல்லையா என்று கேட்பவர் எத்தனை பேர்? 152 என்பது 200 ஆனதும், 138-ம் 138-ம் மோதிக்கொண்டதும், 99 இடங்கள் மௌனமாக இருந்ததும் நாம் கேளாத ஐந்தாண்டுகளுக்குள் நடப்பவை.

அந்த மாணவனுக்கு இன்னும் சில ஆண்டுகளில் 18 வயது நிரம்பும். வாக்குரிமை வரும். அவன் கடைசி வரிசையில் அமர்கிறவன்; தேர்விலே முதல் மதிப்பெண் பெறுகிறவன் அல்லன். ஆனால் கூட்டலும் கழித்தலும் அறிந்தவன். கணக்கு ஒத்துவராதபோது எழுந்து நின்று கேட்கும் துணிவுள்ளவன். இப்போது அவனை முதல் வரிசைக்கு மாற்றியிருக்கிறேன்.